வாட்ஸப் சாட் ஃபோனுக்குள்ளயும் பூட்டித்தான் இருக்கா?

வாட்ஸப்புல எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன் (மெசேஜை ரகசிய எழுத்தா மாத்திப் பூட்டி அனுப்பறது) இருக்கே, அப்ப ஃபோன் யார் கைக்குப் போனாலும் சாட்டப் படிக்க முடியாதுதானேன்னு கேட்டிருக்கீங்க. இல்லங்க, அது வேற இது வேற. 2016ல வாட்ஸப் முழுசா கொண்டுவந்த அந்த பூட்டு மெசேஜ் உங்க ஃபோன்லேர்ந்து அடுத்தவர் ஃபோனுக்குப் போற வழிக்கு மட்டும்தான், வந்து சேர்ந்ததும் பூட்டு திறந்துடும், இல்லன்னா நீங்க எப்படிப் படிப்பீங்க?

ஆண்ட்ராய்டுல சாட் எல்லாம் ஒரு எஸ்க்யூலைட் (SQLite) டேட்டாபேஸ் ஃபைல்ல, அதாவது தகவலை அட்டவணையா சேமிக்கற ஒரே ஃபைல்ல உக்காந்திருக்கு. அந்த ஃபைலுக்குத் தனியா பூட்டு கிடையாது, ஒரு ஆப்போட ஃபோல்டரை இன்னொரு ஆப் தொடக்கூடாதுன்னு ஆண்ட்ராய்டு போட்ட வேலிதான் காவல், ஃபோனை ரூட் பண்ணிட்டா, அதாவது சிஸ்டத்தோட முழு அதிகாரத்தையும் கைக்கு எடுத்துட்டா, அந்த வேலி போச்சு. தினமும் ராத்திரி 2 மணிக்கு எடுக்கற பேக்கப் ஃபைல் பேரு 'கிரிப்ட்14', 'கிரிப்ட்15' (crypt14, crypt15) மாதிரி முடியும் பாருங்க, அது நிஜமாவே பூட்டினது, சாவி இல்லாம திறந்தா வெறும் குப்பை எழுத்துதான் தெரியும். ஆனா ஃபோட்டோ, வீடியோ எல்லாம் மீடியா ஃபோல்டர்ல சாதாரண ஃபைலாத்தான் கிடக்கு, ஃபோட்டோ பர்மிஷன் வாங்கின எந்த ஆப்பும் பாக்கலாம், இதத்தான் நிறைய பேர் கவனிக்கறதே இல்ல!

சிக்னல்ங்கற மெசேஜ் ஆப் இந்த விஷயத்துல கெட்டி, டேட்டாபேஸையே எஸ்க்யூஎல்சைஃபர்ங்கற (SQLCipher) டேட்டாபேஸ் பூட்டற கருவி வச்சு பூட்டி, சாவியை ஆண்ட்ராய்டோட சாவிப் பெட்டகமான கீஸ்டோர் மூலமா காப்பாத்துது.

கூகுள் டிரைவ்ல பேக்கப் போடறவங்க செட்டிங்ஸ்ல போய் எண்ட் டு எண்ட் என்க்ரிப்டட் பேக்கப்பை ஆன் பண்ணுங்க, 2021லேர்ந்தே இருக்கு, பாஸ்வேர்டோ 64 இலக்க கீயோ வச்சுக்கலாம், அத மறந்தா வாட்ஸப்பாலயும் மீட்டுத் தர முடியாது, பேப்பர்ல எழுதி பத்திரமா வைங்க.