பழனிக்கு நடக்கிறவர்கள் கேட்டவை: எங்கே படுப்பது, எப்போது எழுவது

குன்றக்குடியில் தேங்காய் உடைத்துவிட்டுப் பழனிக்கு 17 தடவை நடந்திருக்கிறேன். காரைக்குடியில் கிளம்பினால் குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி. சுமார் 160 கிலோமீட்டர். கொடுமுடித் தீர்த்தக் காவடி வழி, தாராபுரம் வழி எல்லாம் நடந்தவர்கள் வேறு. அந்தப் பாதைகளைப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன். கீழே இருப்பவை இந்தத் தை மாதத்துக்காக வந்த கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

முதல் தடவை நடக்கிறேன் அண்ணா. ஆறு நாள் திட்டம். ஒவ்வொரு ராத்திரிக்கும் முன்கூட்டியே ரூம் போட்டுவிடலாமா?

போடாதீர்கள் தம்பி. ராத்திரி முழுக்க நீங்கள் தூங்கப்போவதே இல்லை, அதனால்தான். தைப்பூச நடையில் விடிய 2 மணி, 3 மணிக்கு எழுந்து நடப்பார்கள். காலை 9, 10 மணிக்குள் நின்றுவிட வேண்டும். வெயில் இறங்கி நாலு நாலரைக்கு மறுபடி கிளம்பி ராத்திரி ஒன்பது வரை. ஆக உங்களுக்கு வேண்டியது பகலில் ஆறு மணி நேரம் கிடக்க ஒரு நிழலும், ராத்திரி நாலைந்து மணி நேரம் முதுகைச் சாய்க்க ஒரு தரையும். இதற்கு எந்த லாட்ஜிலும் கணக்கு ஒத்துவராது. ஒரு முழு நாள் வாடகை கொடுத்துவிட்டு, விடிய 2 மணிக்கு ரிசப்ஷனில் தூங்கும் பையனை எழுப்பிக் கதவைத் திறக்கச் சொல்வீர்கள்.

இன்னொன்று. ரூம் போட்டுவிட்டால் அந்த ஊர் வரை நடந்தே தீர வேண்டும். மூன்றாம் நாள் கால் என்ன சொல்லும் என்று முதல் நாள் தெரியாது. நான் கிலோமீட்டர் கணக்கு வைப்பதில்லை, மணிக் கணக்குதான். எட்டரை மணி ஆனதுமே கண் தோப்பைத் தேட ஆரம்பித்துவிட வேண்டும். நத்தம் பக்கம் மாந்தோப்புக்குப் பஞ்சமில்லை. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியோ பம்ப்செட்டோ இருக்கிறதா, ஒதுங்க இடம் இருக்கிறதா, இரண்டையும் பார்த்துவிட்டு துண்டை விரித்துவிடுங்கள். அந்த நேரம் குழுவில் யாராவது ஒருவர், “இன்னும் நாலு கிலோமீட்டர்தான், போயிடலாம்” என்பார். எல்லாக் குழுவிலும் அப்படி ஒருவர் உண்டு. அவர் பேச்சைக் கேட்டுத்தான் ஒரு வருடம் 11 மணி வெயிலில் மாட்டிக்கொண்டோம். தார் சுட்டதில் அத்தனை பேரும் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின்மேல் ஒருவர் பின்னால் ஒருவராக, கம்பிமேல் நடக்கிற மாதிரி போனோம். வெள்ளை பெயின்ட் கறுப்புத் தாரைவிடச் சூடு குறைவு. வெறுங்காலில் நடந்தவர்களுக்குத் தெரியும்.

பெரிய குழுக்கள் மண்டபத்தை எல்லாம் முன்பே பிடித்துவிடுகிறார்கள். நாங்கள் மூன்று பேர்தான். எங்களுக்கு எங்கே இடம்?

மூன்று பேர் என்றால் அதிர்ஷ்டம் என்று சொல்வேன். நூறு பேருக்குத்தான் கல்யாண மண்டபம் வேண்டும். மூன்று பேருக்குக் கோயில் முன்மண்டபம் போதும், பூட்டிய கடை வாசல் போதும், ஒரு வீட்டுத் திண்ணை போதும். செட்டிநாட்டு ஊர்களைத் தாண்டும்வரை திண்ணைக்குக் குறைவில்லை. அதற்கப்புறம் மண்டபம், பள்ளிக்கூட வராந்தா, சீசனுக்காகப் போட்ட பந்தல். அன்னதானப் பந்தல் போட்டவர்களிடம் கேளுங்கள். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்த பிறகு அங்கேயே ஓர் ஓரத்தில் படுக்க விடுவார்கள். ஆனால் கேட்டுவிட்டுப் படுக்க வேண்டும். பள்ளிக்கூடமாக இருந்தால் வாட்ச்மேனையாவது பார்த்துச் சொல்லுங்கள்.

கடை வாசலில் படுப்பவர்களுக்கு ஒரு யோசனை. “இங்கே படுக்கலாமா?” என்று கேட்டால் மட்டும் போதாது. “காலையில் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?” என்றும் கேட்க வேண்டும். ஒரு வருடம் இதைக் கேட்காமல் ஒரு டீக்கடை வாசலில் சுருண்டு படுத்தோம். மூன்றரைக்குக் கடைக்காரர் வந்தார், பாவம், எங்களை எழுப்ப மனசு வரவில்லை போல. எங்களைச் சுற்றி மட்டும் விட்டுவிட்டு வாசல் முழுக்கத் தண்ணீர் தெளித்தார். தண்ணீர் சரிவு பார்த்து ஓடி வந்து என் ஜமுக்காளத்துக்கு அடியில் நின்றது. எழுந்ததும் முதல் டீ அவர் கணக்கு.

ஒட்டன்சத்திரத்தில் மட்டும் காய்கறி மார்க்கெட் பக்கம் படுக்காதீர்கள். ராத்திரி முழுக்க லாரி. ஊருக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுவிடுவது நல்லது.

நானும் என் அக்காவும் மட்டும் வருகிறோம். பெண்கள் இரண்டு பேர், பாதுகாப்பாக எங்கே தங்குவது? குளியல், கழிப்பறைக்கு என்ன செய்வது?

முதல் தடவை என்றால் ஒரு குழுவோடு ஒட்டிக்கொள்ளுங்கள் அம்மா. பெண்கள் பாதிக்குப் பாதி இருக்கிற குழுவாகப் பார்த்து. பணம் கட்டிச் சேர்ந்தே ஆக வேண்டும் என்று இல்லை. “உங்கள் பின்னால் வருகிறோம், நீங்கள் நிற்கிற இடத்தில் நிற்கிறோம்” என்று சொன்னால் மறுக்கிற குழுவை நான் பார்த்ததில்லை. கூட்டம் இருக்கும் நேரத்தில் ரோட்டில் பயம் குறைவு. விடிய 2 மணிக்கும் முன்னால் ஒரு கும்பல், பின்னால் ஒரு கும்பல் ‘அரோகரா’ போட்டுக்கொண்டே போகும். கவனம் வேண்டியது தங்கும் இடத்தில்தான். மண்டபத்தில் பெண்கள் படுக்கிற பக்கம் என்று ஒன்று தானாகவே பிரிந்துவிடும். அங்கே நடுவில் இடம் பிடியுங்கள், வாசலோரம் வேண்டாம்.

கழிப்பறைதான் உண்மையான கஷ்டம். பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், பஸ் ஸ்டாண்ட், இந்த மூன்றில் எதைக் கண்டாலும் தேவை இருக்கிறதோ இல்லையோ போய்விட்டு வாருங்கள். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடக்கிற பெண்கள் நிறைய, அதில்தான் நீர்க்கடுப்பு வரும். என் மனைவி ஐந்து தடவை என்னோடு நடந்தவள். அவள் எந்த ஊரிலும் ரோட்டோரத்து வீட்டில் ஒரு பெண்ணைப் பார்த்தால் கூச்சப்படாமல் கேட்டுவிடுவாள். பழனிக்குப் போகிறவர்கள் என்றதும் பாத்ரூமும் திறக்கும், சில சமயம் வெந்நீரும் கிடைக்கும். மாதவிடாய் தள்ளிப்போட மாத்திரை போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. மெடிக்கலில் நேராக வாங்கிப் போடாமல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. வெறுங்காலோடுதான் நடப்பேன் என்கிறார்.

சர்க்கரைக்காரர் வெறுங்காலில் நடக்கக் கூடாது. இதில் நான் நெகிழ மாட்டேன். சர்க்கரை நீடித்தவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். முள் ஏறினாலும் தார் சுட்டாலும் தெரியாது, தெரியும்போது புண் ஆழமாகியிருக்கும், ஆறவும் ஆறாது. பழகிய கேன்வாஸ் ஷூ, பருத்தி சாக்ஸ். புது ஷூ கூடவே கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீங்கள் உட்கார்ந்து அவர் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட. நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திரை, பையில் நாலு மிட்டாய். நடையில் சர்க்கரை இறங்கும். கைநடுங்கி வேர்த்தால் உடனே வாயில் போட வேண்டும். கிளம்புமுன் அவருடைய டாக்டரைப் பார்த்து மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். “முருகன் பார்த்துப்பான்” என்பார். சரி, செருப்போடும் பார்த்துப்பான் என்று சொல்லுங்கள்.

கொப்புளம் வந்தால்?

சின்னதை விட்டுவிடுங்கள். பெரிதாகி நடக்க முடியாமல் போனால் ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வடியுங்கள். மேல்தோலைப் பிய்க்கக் கூடாது, அதுதான் உங்கள் பிளாஸ்திரி. கிளம்பும்போதே பாதத்திலும் தொடை இடுக்கிலும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொண்டால் பாதி வராது. தொடை உரசல் கொப்புளத்தைவிடக் கொடுமை. வெட்கப்பட்டு யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

பையில் என்னென்ன எடுத்துக்கொள்வது? குழு வண்டியில் சாமான் ஏற்றலாம் என்கிறார்கள்.

வண்டியில் ஏற்றுங்கள், ஆனால் வண்டி நீங்கள் படுக்கும் இடத்துக்கு நீங்கள் படுக்கும் நேரத்தில் வரும் என்று நம்பாதீர்கள். டாடா ஏஸ் ஒரு மண்டபத்தில் நிற்கும், கால் இன்னொரு தோப்பில் நிற்கும். அதனால் போர்வை தோளில் இருக்க வேண்டும். தை மாதப் பனி லேசுப்பட்டதல்ல. விடியற்காலை துணி நனைந்துவிடும். தரைக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட் அல்லது பழைய பிளெக்ஸ் துண்டு, மேலே ஜமுக்காளம், போர்த்த ஒரு போர்வை, ஒரு மாற்றுத் துணி, டார்ச், தண்ணீர் பாட்டில், ஓஆர்எஸ் பொட்டலம் நாலைந்து. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கரைத்து ‘ஸ்ட்ராங்காக’ குடிக்கக் கூடாது. முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வண்டி வருவது தெரிகிற மாதிரி வலப்பக்கம் நடங்கள்.

பையில் உங்கள் அடையாளத்துக்கு ஒரு கலர் துணி கட்டுங்கள். பச்சை மட்டும் வேண்டாம், எல்லாரும் பச்சைதான்.

சாப்பாட்டுக்குக் காசு எடுத்துக்கொள்ள வேண்டுமா?

சீசனில் பசி வராது. வயிற்றுப்போக்குதான் வரும். பத்து இடத்தில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், பத்து இடத்திலும் வாங்கக் கூடாது. சூடாக இருப்பதை மட்டும் வாங்குங்கள். காலையில் வடித்த சாதம் மத்தியானம் அண்டாவில் இருந்தால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். ராத்திரி நடையில் சுக்கு காபி கண்டால் விடாதீர்கள்.

தைப்பூசக் கூட்டம் ஒத்துவராது. வேறு மாதத்தில் தனியாக நடந்தால் தங்க இடம் உண்டா?

அப்போது கதையே வேறு. பந்தல் இருக்காது, கடை வாசலில் படுத்தால் யார் என்று கேட்பார்கள், ராத்திரி ரோட்டில் நீங்களும் நாயும்தான். அந்த நடைக்கு லாட்ஜ் வேண்டும், பகல் நடை வேண்டும், அதனால் தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று ஊர் விட்டு ஊர் பிடிக்க வேண்டும். நத்தத்திலிருந்து திண்டுக்கல் முப்பத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டும்; ஒரே நாளில் முடியாதவர்கள் பாதி வழியில் நிறுத்திவிட்டு, பஸ் ஏறி திண்டுக்கல்லில் தூங்கி, காலையில் விட்ட இடத்துக்கே பஸ்ஸில் திரும்பி வந்து நடப்பார்கள். நான் ஒரு தடவை அப்படிச் செய்தேன். அதில் தப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை. திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் முப்பது, அங்கிருந்து பழனி இன்னொரு முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையையும் பங்குனிக்குப் பிந்திய வெயிலையும் தவிர்த்துவிடுங்கள்.

ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி. இந்த வழியில் ஏன் இத்தனை சத்திரம்?

நடந்து போன காலத்தில் வழிப்போக்கர் தங்கிச் சாப்பிட்ட இடங்கள்தானே சத்திரங்கள். திண்டுக்கல்லைத் தாண்டியதும் அடுத்தடுத்து மூன்று ஊர்ப் பெயரில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் போகும்போது இது உறைக்காது. விடிய மூன்று மணிக்கு, கால் வீங்கி, போர்டில் ‘ஒட்டன்சத்திரம்’ என்று படிக்கும்போது ‘சத்திரம்’ மட்டும்தான் கண்ணில் படும்.

பழனியில் கடைசி ராத்திரி எங்கே தங்குவது? மலைமேல் தங்க விடுவார்களா?

இந்த ஓர் இடத்துக்குத்தான் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். தேவஸ்தான விடுதிகள், சமூகச் சத்திரங்கள், அடிவாரத்து லாட்ஜுகள் எல்லாம் இருந்தும் தைப்பூசத்தன்று ஊர் தாங்காது. திருவிழா பெரியநாயகி அம்மன் கோயிலில் கொடியேறி பத்து நாள் நடக்கிறது. தேரன்றுதான் உச்சக் கூட்டம். 2025-இல் பூசம் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1 என்று தேதி நகர்ந்துகொண்டே இருக்கும், பஞ்சாங்கம் பார்த்துவிட்டு லீவு போடுங்கள். தேருக்கு மூன்று நாலு நாள் முன்னதாகவே போய்ச் சேருகிற மாதிரி கிளம்பினால் படுக்க இடமும் கிடைக்கும், தரிசனமும் கொஞ்சம் நிதானமாகக் கிடைக்கும். இடம் கிடைக்காவிட்டால் மலையைச் சுற்றிய கிரிவீதியில் அலைய வேண்டாம். ஆயக்குடிப் பக்கமே ராத்திரியைக் கழித்துவிட்டு விடியற்காலை மலை ஏறுங்கள்.

மலைமேல் ராத்திரி தங்குவது எடப்பாடிக் காவடிக்காரர்களுக்கு மட்டும் வழிவழியாக வந்த உரிமை. நமக்கு இல்லை.

படி ஏறவா, ரோப்காரா?

ரோப்கார், வின்ச் (தண்டவாளத்தில் மேலே இழுக்கிற பெட்டி) இரண்டிலும் வரிசையில் நிற்கும் நேரத்துக்குள் 693 படியையும் ஏறிவிடலாம். செல்போனை மேலே கொண்டுபோக விடமாட்டார்கள், 2023 அக்டோபரிலிருந்து தடை. கீழே கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள். குழுவில் எல்லாரும் ஒரே டோக்கனில் போடாதீர்கள். டோக்கன் வைத்திருப்பவர்தான் எப்போதும் காணாமல் போவார். எந்த இடத்தில், எத்தனை மணிக்குச் சேர்வது என்று போனைக் கொடுப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.

திரும்பி வருவது?

நகரத்தார் காவடிகளில் திரும்பவும் நடந்தே வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பஸ்தான். உட்கார இடம் கிடைத்தால் பாதையோர சீட்டைப் பிடியுங்கள், கால் நீட்டலாம். திண்டுக்கல்லில் இறங்கும்போது மெதுவாக. இரண்டு மணி நேரம் மடங்கிக் கிடந்த முழங்கால் பஸ் படியில் ஏமாற்றிவிடும்.