பானட் வெளுத்துவிட்டதா? முதலில் ஒரு குவளைத் தண்ணீர்

திருமங்கலம் வாசகர் ஒருவரின் கேள்வி: "2013 மாடல் சிவப்பு கார், செகண்ட்ஸில் வாங்கியது. வாசலில் வேப்பமரத்தடியில்தான் நிற்கும். பானட்டும் ரூஃபும் சாம்பல் பூத்தமாதிரி வெளுத்துவிட்டன. மெக்கானிக் கூட்டிப்போன ஷாப்பில் முழு வண்டிக்கும் பெயின்ட் அடிக்க 45,000 ரூபாய் கேட்கிறார்கள். வீட்டிலேயே தேய்த்துச் சரிசெய்ய முடியுமா?"

அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன். நாளை காலை வெயில் ஏறுமுன் வெளுத்த இடத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும்வரை பழைய சிவப்பு தெரிந்தால் பெரும்பாலும் தேய்த்தே மீட்டுவிடலாம். வெளுப்பு திட்டுத்திட்டாக நின்று, அதன் ஓரம் நகத்தில் தட்டினால், மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு, அதாவது கிளியர் கோட், உரிய ஆரம்பித்துவிட்டது. அதை எந்தப் பாலிஷும் ஒட்டவைக்காது. அந்தப் பாகத்துக்கு மட்டும் பெயின்ட் போதும். டிக்கியும் கதவும் என்ன பாவம் செய்தன? முழு வண்டி என்றால்தான் கூட்டிவந்தவருக்குக் கமிஷன் கனமாக விழும்.

தேறும் என்றால் வேலை இதுதான். வண்டியை நிழலில் நிறுத்தி, பானட் ஆறியபின் கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். காய்ந்த தூசியைத் துணியால் துடைக்கவே கூடாது. கல்குவாரிப் பக்கம் போய்வந்த வண்டியில் கல்தூசி இருக்கும். துடைத்தால் உப்புத்தாள் போட்டது மாதிரிதான். போர் தண்ணீர் என்றால் சொட்டுக் காயுமுன் ஒற்றியெடுங்கள். இல்லாவிட்டால் உப்புக்கறை வட்டவட்டமாக நிற்கும். பிறகு கையில் மெல்லிய பாலிதீன் பை மாட்டித் தடவிப் பாருங்கள். நறநறவென்றால் கிளே பாரை, அதாவது ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டியை, ஷாம்புத் தண்ணீர் தொட்டு ஓட்டுங்கள். கீழே விழுந்த கிளேயை மறுபடி எடுக்காதீர்கள்.

அடுத்து காம்பவுண்ட், அதாவது வெளுத்த மேல்பரப்பைத் தேய்த்தெடுக்கும் பசை. கொண்டைக்கடலை அளவு, ஒரு சதுர அடிக்கு. மைக்ரோஃபைபர் துணியில்தான், ஒர்க்ஷாப்பில் கிடக்கும் பனியன் வேஸ்ட் வேண்டாம். துணியில் சிவப்பு ஒட்டினால் உங்கள் வண்டியில் கிளியர் கோட் இல்லை, நேரே கலரையே தேய்க்கிறீர்கள். இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள். கிளியர் கோட் இருந்தாலும் அது நாம் எழுதும் வெள்ளைத்தாளில் பாதித் தடிமன்தான். பளபளக்கிறதே என்று மாதாமாதம் தேய்த்தால் மிஞ்சாது. கடைசியில் வாக்ஸ் என்னும் மெழுகுப் பூச்சு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பற்பசை, மண்ணெண்ணெய் வைத்தியமெல்லாம் வேண்டாம்.

செகண்ட்ஸ் வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் இழுத்தே சொல்கிறேன். விற்கும்முன் புரோக்கர் பானட்டில் நசுங்கிய இடத்தை நிரப்பப் பட்டி (புட்டி) போட்டு, மேலே மட்டமான பெயின்ட் அடித்துத் தள்ளியிருக்கலாம். அந்தப் பெயின்ட் காம்பவுண்டுக்குத் தாங்காது. தேய்க்கத் தேய்க்கப் பட்டி எட்டிப்பார்க்கும். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை எடுத்து முதலில் ரூஃபில் வையுங்கள், பிறகு பானட்டில் நகர்த்தி நகர்த்தி வையுங்கள். ஓரிடத்தில் மட்டும் வழுக்கி விழுந்தால் அடியில் பட்டி. பானட்டைத் திறந்து கீல் போல்ட்டுகளைப் பாருங்கள். ஸ்பானர் பட்ட தழும்பு இருந்தால் கழற்றியிருக்கிறார்கள். கண்ணாடி ரப்பர் பீடிங்கை விரலால் தூக்குங்கள். அடியில் பெயின்ட் கோடு தெரிந்தால் பிறகு அடித்தது. போன வருடம் என்னிடம் வந்த வெள்ளை வண்டியில் பீடிங்குக்கு அடியில் கம்பெனி நீலம் அப்படியே இருந்தது, ஆர்.சி.யில் கலர் நீலம். வாங்கியவருக்கு நான் காட்டும்வரை தெரியாது. உங்கள் வண்டியிலும் இப்படி ஏதாவது தட்டுப்பட்டால் காம்பவுண்ட் வேண்டாம். கழுவி வாக்ஸ் மட்டும் போடுங்கள்.

இன்னொருவர் வருவார்: "சாவியால் ரெண்டு கீறல் போட்டு கிளெய்ம் பண்ணிடலாம் சார்." அது மோசடி, கையெழுத்து உங்களுடையது. வெளுப்பு இன்சூரன்ஸில் சேராது. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் சேர்த்த 50 சதவீதப் பிரீமியத் தள்ளுபடியும் போய்விடும். நியாயமான கிளெய்முக்கே பெயின்ட் சாமான் விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழிக்கிறார்கள். நேற்று வாங்கி நேற்றே அடித்த பெயின்டில் என்ன தேய்மானம் என்று முப்பது வருடமாகக் கேட்கிறேன், பதில் சொன்ன இன்சூரன்ஸ் சர்வேயர் இல்லை.

ஷோரூமில் பெயின்டுக்கு மேலே பூசும் பாதுகாப்புப் பூச்சைக் காட்டி, செராமிக் கோட்டிங் என்பார்கள். வெளுப்பை எடுக்காமல் மேலே பூசினால் அந்த வெளுப்புக்குத்தான் காவல். ரூஃப் தேறாவிட்டால் ரூஃபுக்கு மட்டும் இரண்டு ஷாப்பில் ரேட் கேளுங்கள், மெக்கானிக்கை அழைத்துப் போகாமல்.