எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்கிறார், அது அவருடைய முடிவா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் வட பிராந்தியத்தில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிப் பணியாளராக இருக்கிறேன். நான் பார்த்துக்கொள்ளும் பூர்வகுடிப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும், அறிவுசார் குறைபாடு உண்டு. டார்வினில் நாலைந்து பேர் சேர்ந்து தங்கும் இல்லத்தில் இடம் கிடைத்திருக்கிறது. போகிறீர்களா என்றால் ‘சரி’ என்கிறார். இதை முடிவு செய்யும் கூட்டத்தில் அவருடைய சித்திமார்தான் பேசுகிறார்கள். அவர்களை வெளியே இருக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்தச் ‘சரி’யைப் பார்ப்போம்.

கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். “இங்கேயே இருக்கிறீர்களா?” என்றாலும் அநேகமாகச் சரி என்பார். 1976-லேயே, போலீஸ் விசாரணை தொடர்பான அனுங்கா வழக்கில், வட பிராந்திய உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டியது: பூர்வகுடி மக்கள் பலர், கேட்பவர் எதிர்பார்க்கும் பதிலையே மரியாதைக்காகச் சொல்லிவிடுவார்கள். அதனால் ஆமா, இல்லையா என்று கேட்கவே கேட்காதீர்கள். டார்வின் இல்லம், இப்போது இருக்கும் வீடு, சித்தி வீட்டு வாசல், இந்த மூன்றின் படங்களையும் பாயில் பரப்பி, எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். “ராத்திரி எங்கே தூங்கப் பிடிக்கும்? காலையில் யாரோடு டீ குடிப்பீர்கள்?” கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மௌனம் நீளும், நீளட்டும். நீங்கள் பேசி அதை நிரப்பினால் வரவிருந்த பதிலும் வராமல் போய்விடும்.

அப்புறம், காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிறு வயதில் வந்த நடுக்காது நோயால் அங்கே பலருக்குச் செவித்திறன் குறைந்திருக்கிறது. காதில் விழாததைப் புரியவில்லை என்று ஃபைலில் எழுதிவிடுகிறார்கள். வீட்டில் பேசுவது அரண்டாவா, வார்ல்பிரியா என்று கேட்டு மொழிபெயர்ப்பாளரை வரவழையுங்கள்.

சித்திமார் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே பல சமூகங்களில் அம்மாவின் சகோதரியும் அம்மாதான். பெரியம்மா, சின்னம்மா என்று அழைத்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நாலு பேர் கூடிப் பேசினாலும் அது அவருடைய முடிவாக இருக்க முடியும். ஆனால் வந்திருப்பவர்கள் அவர் விரும்பி அழைத்தவர்கள்தானா? இதை மட்டும் தனியாகக் கேளுங்கள். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசக்கூடாது என்ற வழக்கம் பல இடங்களில் உண்டு, அதனால் யாரோடு யாரை உட்கார வைப்பது என்பதையும் முன்னதாகவே விசாரியுங்கள். துக்க வீடாக இருந்தால் கூட்டத்தைத் தள்ளிப் போடுங்கள்.

அவருக்குப் பதிலாக முடிவெடுக்கப் பிரதிநிதி ஒருவரை நியமித்து வேலையை முடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அது கடைசி வழி. ஆஸ்திரேலியா 2008-ல் ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, முடிவெடுக்கத் தேவையான துணையைத் தருவதை அரசின் கடமையாக வைக்கிறது.

டார்வின் ஏறக்குறைய 1,500 கி.மீ. தள்ளி இருக்கிறது. 1970-கள் வரை பூர்வகுடிக் குழந்தைகளை அதிகாரிகள் குடும்பத்திலிருந்து பிரித்துக்கொண்டு போனார்கள். ஃபைலோடு வருபவரைக் கண்டால் அந்தச் சித்திமார் பதறுவதற்கு அதுவே போதும்.

எனவே இந்தக் கூட்டத்தில் முடிவு வராவிட்டாலும் பரவாயில்லை. ‘இன்னும் முடிவு செய்யவில்லை, மீண்டும் சந்திக்க வேண்டும்’ என்று படிவத்தில் எழுதுங்கள். இடம் கைநழுவும் என்று அவசரப்படுத்தினால், கடைசித் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடிந்தால், அவரும் ஒரு சித்தியும் அந்த இல்லத்தில் இரண்டு நாள் தங்கிப் பார்த்துவிட்டு வர ஏற்பாடு செய்யுங்கள்.