தில்லியில் இருந்தபடியே பாரன் தீவைக் கண்காணிக்கலாம்

கேள்வி: மயூர் விஹாரில் இருக்கிறோம். பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள், அந்தமானின் பாரன் தீவு எரிமலையைப் பற்றிப் பள்ளிக்கு ஒரு செயல்திட்டம் செய்கிறாள். எரிமலைத் தரவு இலவசமாகக் கிடைக்குமா? எங்கே தொடங்குவது?

பதில்: தாராளமாகக் கிடைக்கும். இந்தியாவில் இன்றும் உயிர்ப்போடு இருக்கும் ஒரே எரிமலை அது. ஆள் வசிக்காத, சுமார் மூன்று கிலோமீட்டர் அகலமுள்ள சின்னத் தீவு. நெடுங்காலம் அடங்கிக் கிடந்து, 1991-இல் மறுபடி வெடித்தது. அதன் பிறகு விட்டுவிட்டுப் பொங்குகிறது.

முதலில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உலக எரிமலைத் திட்டத் தளம். எந்த எரிமலை என்ன செய்தது என்று வாராவாரம் அறிக்கை தருகிறார்கள். பாரன் தீவுக்குத் தனிப் பக்கமே உண்டு. எந்தத் தேதிகளில் தேடினால் ஏதாவது அகப்படும் என்பது அங்கேதான் தெரியும். படங்களுக்குத் தாவுவதற்கு முன் ஒரு மாலை இதைப் படிக்கட்டும்.

அப்புறம் நாசாவின் ஃபர்ம்ஸ் என்ற தீ வரைபடத் தளம். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல்தாள் எரிவதைச் சிவப்புப் புள்ளிகளாகத் தில்லிப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்களே, அதே வகை வரைபடம்தான். அதை 12.28 வடக்கு, 93.86 கிழக்குக்கு நகர்த்துங்கள். அங்கே வயலும் இல்லை, ஊரும் இல்லை. தீவின் மேல் புள்ளி விழுந்தால் அநேகமாக எரிமலைதான். விர்ஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் பதிவுகளை 2012 முதல் இறக்கி எக்செல்லில் திறக்கலாம். பழைய ஆண்டுகளின் கோப்பில் 'டைப்' என்றொரு பத்தி இருக்கும்: 0 என்றால் தாவரத் தீ, 1 என்றால் எரிமலை. இரவுப் பதிவுகளை மட்டும் பிரித்தெடுத்து மாதவாரியாக எண்ணச் சொல்லுங்கள். பகலில் வெயில் பட்டுத் தவறான புள்ளிகள் விழ வாய்ப்பு அதிகம்.

ஒன்றை மட்டும் அவள் மறக்கவே கூடாது. புள்ளி இல்லாத மாதம் எரிமலை அடங்கிய மாதம் ஆகிவிடாது. பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் மேகம் மூடிக்கிடக்கும். அடியில் லாவா ஓடினாலும் கருவிக்குத் தெரியாது. அதனால் அதே தேதிகளை, கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற ஐரோப்பியத் தளத்தில் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிடட்டும். மேகம் இருந்ததா என்பது பார்த்ததும் புரியும். வானம் தெளிவாக இருந்தால், குற்றலை அகச்சிவப்புக் (SWIR) காட்சியில் சூடான எரிமலை வாய் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். புள்ளி, படம், வார அறிக்கை மூன்றும் ஒத்துப்போனால் தைரியமாக எழுதலாம்.

சாம்பல் மேகத்துக்கு, விமானங்களுக்காக இயங்கும் எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்கள் இருக்கின்றன. பாரன் தீவைப் பார்ப்பது ஆஸ்திரேலியாவின் டார்வின் மையம். 2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹெய்லி குப்பி எரிமலை வெடித்து அதன் சாம்பல் தில்லி வான்வரை வந்தபோது எச்சரிக்கை கொடுத்தது பிரான்ஸின் துலூஸ் மையம்.

நில அதிர்வுப் பதிவுகளும் எர்த்ஸ்கோப் போன்ற தளங்களில் திறந்தே கிடக்கின்றன. ஆனால் அவற்றைப் படிக்கக் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி தெரிய வேண்டும். இந்தச் செயல்திட்டத்துக்கு அது வேண்டாம்.