ஏஐ உருவாக்கும் டாஷ்போர்டை ஐஃப்ரேமில் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டகம்) காட்டும்போது, ஒரு வாடிக்கையாளரின் டேட்டா இன்னொருவர் கண்ணில் படாமல் தடுப்பது எப்படி?

முதலில், "இந்த வாடிக்கையாளரின் டேட்டாவை மட்டும் காட்டு" என்று பிராம்ப்டில் எழுதுவதைப் பாதுகாப்பாக நினைக்காதீர்கள். அது வேண்டுகோள்தான். தடை டேட்டாபேஸில் இருக்க வேண்டும்.

உங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் 9.5 பதிப்பிலிருந்தே ரோ லெவல் செக்யூரிட்டி உண்டு; யார் எந்த வரிசைகளைப் பார்க்கலாம் என்பதை டேட்டாபேஸே கட்டுப்படுத்தும் வசதி இது. ஆனால் டேபிளின் உரிமையாளருக்கும் சூப்பர்யூசருக்கும் இயல்பாக அது பொருந்தாது. எனவே டாஷ்போர்டுக்கு வாசிக்க மட்டும் அனுமதியுள்ள தனி ரோல் (டேட்டாபேஸ் பயனர் கணக்கு) கொடுங்கள்.

பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று: வாடிக்கையாளர் எண்ணை செஷன் மாறியில் (டேட்டாபேஸ் இணைப்போடு சேர்த்து வைக்கும் மதிப்பு) வைத்து, அதே இணைப்பில் ஏஐ எழுதிய எஸ்க்யூஎல்லை (டேட்டாபேஸ் வினவலை) அப்படியே ஓடவிட்டால், அந்த வினவலே செட்_கான்ஃபிக் என்ற ஃபங்ஷன் மூலம் அந்த எண்ணை மாற்றிவிடலாம். வாசிக்க மட்டும் அனுமதி என்பது இதைத் தடுக்காது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி ரோல் வையுங்கள். அல்லது, எனக்குப் பிடித்த வழி: ஏஐ எந்த அளவீடு, எந்தத் தேதி, எந்த வரைபடம் என்பதை ஜேசனாக மட்டும் தரட்டும்; எஸ்க்யூஎல்லை உங்கள் சர்வர் எழுதட்டும்.

ஐஃப்ரேம் முகவரிக்கு, சர்வரில் கையொப்பமிட்டு சில நிமிடங்களில் காலாவதியாகும் ஜேடபிள்யூடி டோக்கன் (திருத்தினால் கண்டுபிடித்துவிடக்கூடிய அனுமதிச் சீட்டு) போதும். டாஷ்போர்டு மென்பொருளான மெட்டாபேஸ் இப்படித்தான் செய்கிறது; வாடிக்கையாளர் எண்ணைப் பூட்டிய அளவுருவாக (பார்ப்பவர் மாற்ற முடியாத மதிப்பாக) டோக்கனுக்குள்ளேயே வைக்கலாம். கையொப்பமிடும் ரகசியச் சாவி பிரவுசர் பக்கமே போகக் கூடாது.

ஏஐ ஜாவாஸ்கிரிப்டும் எழுதுகிறதா? ஐஃப்ரேமை வேறு டொமைனிலிருந்து, சாண்ட்பாக்ஸ் (உள்ளே ஓடும் கோடைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) போட்டுக் காட்டுங்கள்.