டயாலிசிஸ் கையில் இரத்தக்குழாய் இறுகினால்

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 56 வயது, சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. கழுத்தில் போட்ட குழாய் வழியாகச் சேலத்தில் வாரம் 3 முறை டயாலிசிஸ் நடக்கிறது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது மணிக்கட்டில் பிஸ்டுலா (இரத்தக்குழாய்களை இணைத்துத் தைப்பது) வைத்து 9 வாரம் ஆகியும் ஊசி போட முடியவில்லை. உள்ளே தழும்பு விழுந்து நரம்பு சுருங்கிவிட்டது, பலூன் வைத்து விரிக்க வேண்டும் என்கிறார் டாக்டர். தழும்பைக் கரைக்க மருந்து உண்டா? வலது கை நரம்பையாவது காப்பாற்றுவது எப்படி?

பதில்: குழாய்க்கு உள்ளே விழுந்த தழும்பைக் கரைக்க மருந்தோ எண்ணெயோ கிடையாது. ட்ரிப்ஸ் ஏற்றி வீங்கிய இடத்தில் தடவும் ஹெபாரின் களிம்பு தோலடி இரத்தக்கட்டுக்கு ஓரளவு கேட்கும். பிஸ்டுலாவின் உட்சுவர் வரை அது போகாது. மீன் எண்ணெய் மாத்திரையை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். பிஸ்டுலா அதனால் கூடுதலாகத் தேறவில்லை.

நரம்பு என்று நாம் பேச்சில் சொல்வது இங்கே சிரை. சாதாரணமாக அதற்குள் அழுத்தம் மிகக் குறைவு. தமனியோடு சேர்த்துத் தைத்ததும் தமனியின் வேகமும் அழுத்தமும் நேராக அதில் பாய்கின்றன. அதைத் தாங்கச் சிரை விரிந்து, சுவர் தடிக்க வேண்டும். நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் இரத்தம் சுழித்து மோதும் இடத்தில் தசைச் செல்கள் உட்புறமாகப் பெருகிப் பாதையை அடைக்கின்றன. தையலை ஒட்டிய சில சென்டிமீட்டரில்தான் இது அதிகம். முன்பே ஊசியும் வென்ஃப்ளானும் (ட்ரிப்ஸ் ஏற்றும் சிறு குழாய்) குத்திக் காயப்பட்ட சிரை என்றால் விரிவதற்கே இடமில்லாமல் இறுகிக் கிடக்கும்.

தேறிய பிஸ்டுலாவுக்கு 6-ஐ வைத்து ஒரு கணக்கு உண்டு: 6 வாரத்தில் 6 மி.மீ. விட்டம், தோலிலிருந்து 6 மி.மீ.க்குள் ஆழம், நிமிடத்துக்கு 600 மில்லி ஓட்டம். 9 வாரத்தில் தேறவில்லை என்றால் டாப்ளர் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்த்துப் பலூன் வைக்கச் சொல்வது சரியான யோசனைதான், தள்ளிப் போடாதீர்கள். கழுத்துக் குழாய் இருக்கும் ஒவ்வொரு வாரமும் நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய சிரையிலும் தழும்பு விழ வாய்ப்பு; கிருமித் தொற்றுக்கும் அதுதான் வாசல். அங்கே சுருங்கினால் அந்தப் பக்கத்துக் கை முழுவதும் வீங்கும், அதன்பின் அந்தக் கையில் பிஸ்டுலா வைப்பதே சிரமம்.

பலூனும் ஒரு வகையில் காயம்தான். இறுகிய இடத்தைக் கிழித்து விரிக்கிறது, ஆறும்போது மறுபடி சுருங்கலாம். சில மாதத்தில் இரண்டாம் முறை வைக்கச் சொன்னால் முதல்முறை தவறாகச் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பாக்ளிடாக்செல் என்ற மருந்து பூசிய பலூன் இந்த மறுசுருக்கத்தைத் தள்ளிப்போடும் என்று 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது. அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்து சுருங்கிய பிஸ்டுலாக்களில் நடந்தது. அம்மாவுக்கு முதல் தடவைக்கு அந்தச் செலவு தேவையா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

வலது கைக்கு வருவோம். அடுத்த பிஸ்டுலா அங்கேதான் வைக்க வேண்டி வரலாம். லேப்பில் பட்டையைக் கட்டி முழங்கை மடிப்பைத் தட்டும்போது கையை அப்படியே நீட்டிவிடுகிறோம். அந்த மடிப்பிலும் முன்கையிலும் குத்த விடாதீர்கள். டயாலிசிஸ் நாளில் மெஷின் லைனிலிருந்தே இரத்தம் எடுத்துக்கொள்ளலாம், இரும்புச் சத்து ஊசியையும் அதிலேயே போடலாம். வேறு நாளில் தவிர்க்கவே முடியாவிட்டால் வலது புறங்கை மட்டும். ட்ரிப்ஸுக்கும் அதே இடம். காறை எலும்புக்குக் கீழே குழாய் போடுவதும், கையிலிருந்து நெஞ்சுவரை நீளும் பிக் லைனும் இவருக்கு வேண்டாம். காய்ச்சலுக்கு அட்மிட் ஆனால் கேஸ் ஷீட்டிலேயே இதை எழுதச் சொல்லுங்கள். ராத்திரி ஷிப்டில் வருபவருக்கு வாய்மொழியாகச் சொன்னது போய்ச் சேராது.

இடது கை தேறியதும் முதல் சில வாரங்களுக்கு 17 கேஜ் ஊசி, பிறகு 16, 15 (எண் குறையக் குறைய ஊசி தடிமன்). பழைய துளைகள் உள்ள சிறு பகுதியிலேயே திரும்பத் திரும்பக் குத்தினால் அவ்வளவாக வலிக்காது, அதனால் நோயாளிக்கும் பிடிக்கும், குத்துபவருக்கும் சுலபம். கெடுவதும் அதனால்தான். குத்திய இடம் மெலிந்து பலூன்போலப் புடைக்கும், புடைப்புக்கு இரு பக்கமும் சுருக்கம் விழும். ஏணிப்படிபோல ஒவ்வொரு முறையும் முந்தைய துளையிலிருந்து 1 செ.மீ. அளவு தள்ளிப் போகச் சொல்லுங்கள். ஊசியை எடுத்தபின் இரண்டு விரலால் 10 முதல் 15 நிமிடம் அழுத்த வேண்டும். விரலடியில் துடிப்பு தெரிகிற அளவுக்கு அழுத்தினால் போதும், இறுக்கினால் உள்ளே இரத்தம் உறையும்.

டயாலிசிஸில் பி.பி. இறங்குவதும் பிஸ்டுலா அடைபட ஒரு காரணம். மணிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 13 மில்லிக்கு மேல் நீரை இழுக்காமல் இருப்பது நல்லது. 55 கிலோ உள்ளவருக்கு 4 மணி நேரத்தில் 2.8 லிட்டர்தான் வரும். சேலத்து வெயிலில் சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு 4 கிலோ ஏறிப் போனால் கணக்கு எங்கே உதைக்கும் என்று தெரியும்.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்துத் தொங்குவதும், முழங்கை மடிப்பில் பையை மாட்டுவதும் கூடாது. ரவிக்கையின் இடது கையைத் தளர்த்தித் தைக்கக் கொடுங்கள், அந்தக் கையில் வளையல் வேண்டாம். பி.பி.யும் அதில் பார்க்க வேண்டாம். ஏற்காட்டுக் குளிரில் சிரை சுருங்கும், தளர்ந்த ஸ்வெட்டர் போதும். சூடான ஒத்தடம் வேண்டாம். சர்க்கரையால் மரத்த தோல் வெந்துபோனாலும் தெரியாது. தையல் ஆறியபின் மென்பந்தை அமுக்கிப் பயிற்சி செய்யலாம், ஓரளவு உதவும்.

தினமும் காலையில் மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். பூனை உறுமுவதுபோல விர்ரென்று இருக்க வேண்டும். அது போய், நாடிபோல டக் டக்கென்று மட்டும் அடித்தால் மேலே எங்கோ சுருக்கம். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் நல்ல பிஸ்டுலா தளர்ந்து தாழும். புடைத்தே நின்றாலும் அதே சந்தேகம்தான். ஊசி எடுத்தபின் வழக்கத்தைவிட அதிக நேரம் இரத்தம் கசிந்தால் அதையும் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். துடிப்பே தெரியவில்லை என்றால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திராமல் அன்றே கீழே இறங்குங்கள். உறைந்த இரத்தக் கட்டியை எடுத்து பிஸ்டுலாவை மீட்க முடிவது பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள்தான்.

டயாலிசிஸ் முதலமைச்சர் காப்பீட்டில் நடக்கிறது என்றால், பலூனுக்கு அனுமதி தனியாக வாங்க வேண்டுமா என்று மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். டாப்ளர் ரிப்போர்ட்டில் சுருக்கம் எந்த இடம், எத்தனை மி.மீ., ஓட்டம் எவ்வளவு என்பது எழுதியிருக்க வேண்டும். பலூன் வைத்தபின் எடுக்கும் ஸ்கேனை அதோடு ஒப்பிட அந்தத் தாள் தேவைப்படும்.