சின்னவனைத்தான் முதலில் காட்டவேண்டும்

மகளின் மார்பில் கட்டி வந்திருக்கிறது, புற்றுநோயோ, கோழிக்குப் போடும் ஹோர்மோன் ஊசியாலோ என்று கேட்டு, பருவமடைவதைத் தள்ளிப்போட மாத்திரை கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது புற்றுநோய் இல்லை, அம்மா. 9 வயதுப் பெண்பிள்ளைக்கு ஒரு பக்கக் காம்புக்குக் கீழே பாக்களவில் தடிப்பு வந்து, தொட்டால் நோகிறது என்றால் மார்பு வளரத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். ஒரு பக்கம் முந்தும், மற்றப் பக்கம் சில மாதத்தில் வரும். அழுத்திப் பார்க்காதீர்கள். வெட்டி எடுக்கச் சொன்ன சொந்தக்காரர் யாரோ தெரியாது. வெட்டினால் அந்த மார்பு பிறகு வளராது.

பெண்பிள்ளைக்கு 8 வயதுக்கு முன் தொடங்கினால்தான் நாங்கள் யோசிப்போம். உங்கள் மகள் பெரியபிள்ளையாக அநேகமாக இன்னும் இரண்டு வருடமாவது இருக்கிறது. அதனால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் சோதனை கெட்டுவிடும் என்ற பயத்தை விடுங்கள்.

புறொய்லர் கோழி ஆறு கிழமையில் வளர்வது இனத்தாலும் தீனியாலும், யூரியூப்காரர் சொல்லும் ஹோர்மோன் ஊசியால் அல்ல. பிள்ளையின் நிறை கூடினால் பருவம் சற்று முந்தும். அதற்குக் குறைக்கவேண்டியது சோடாவையும் பிஸ்கற்றையும். ஆனால் பாமசியில் வாங்கிக் கொடுக்கிற மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போகவென்று பெரிய பெண்கள் மாதவிடாயைத் தள்ளிப்போட எடுக்கிற மாத்திரை அது. பருவமடைவதை அது நிறுத்தாது. கோழியில் இல்லாத ஹோர்மோனுக்குப் பயந்து, மாத்திரையில் இருக்கிற ஹோர்மோனைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறீர்கள்!

என்னை நிறுத்தியது கடிதத்தின் கடைசி வரி. "சின்னவனுக்கு 7 வயதுதான், தகப்பனைப் போல நெடுநெடுவென்று வளருறான், குரலும் கரகரக்குது, முகத்தில பருவும் வந்திட்டுது" என்று சந்தோஷமாக முடித்திருக்கிறீர்கள்.

ஆண்பிள்ளைக்கு 9 வயதுக்கு முன் இந்த மாற்றங்கள் வருவது அரிது. வந்தால் பின்னால் ஒரு நோய் இருக்கும் வாய்ப்பு பெண்பிள்ளைகளைவிட அதிகம். வைத்தியர் முதலில் விதைப்பையிலுள்ள விதைகளின் அளவைப் பார்ப்பார். அதற்கென்று நூலில் கோர்த்த மணிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் அதன் கனவளவு எழுதியிருக்கும். இரண்டு விதையும் 4 மில்லிலீற்றரைத் தொட்டிருந்தால் தூண்டுதல் பெரும்பாலும் மூளையிலிருந்து வருகிறது, தலையை எம்.ஆர்.ஐ. எடுத்து, கட்டி ஏதும் உண்டா என்று பார்க்கவேண்டும். விதைகள் சிறியனவாகவே இருக்க, மயிரும் குரலும் மட்டும் மாறியிருந்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பியைச் சந்தேகிப்போம். இடது கை எக்ஸ்றேயில் எலும்பின் வயது தெரியும். எலும்பு முந்தி முதிர்ந்தால், இன்றைக்கு வகுப்பில் நெட்டையாக நிற்பவன் வளர்ந்தபின் கட்டையாகிவிடுவான். காலத்தோடு வந்தால் மருந்துண்டு.

வயலில் நெல்வெட்டு முடியட்டும் என்று பிந்தாதீர்கள். இந்தக் கிழமையே கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய், வெளிநோயாளர் பிரிவில் (ஓபிடி) சொல்லி, சிறுவர் கிளினிக்கில் காட்டுங்கள். பிறந்தபோது தந்த வளர்ச்சிப் பதிவேடு வெள்ளத்தில் நனைந்திருந்தாலும் கொண்டுபோங்கள். தரம் 1இல் பாடசாலையில் அளந்த உயரத்தையும் கேட்டு எழுதுங்கள். இந்த வயதில் வருடத்துக்கு ஐந்தாறு சென்ரிமீற்றர்தான் வழமை. விடிய எழும்பும்போதே தலையிடியும் சத்தியும் என்றாலோ, பார்வை மங்கினாலோ கிளினிக் நாள் பார்க்கவேண்டாம், அன்றைக்கே ஓடுங்கள்.

மகளுக்குக் கொடுத்த மாத்திரை அட்டையையும் பையில் போடுங்கள். எத்தனை கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள், ஒளிக்காமல் சொல்லுங்கள்.